ஒன்றாம் எண் காலி

மாட்டுக்குத் தவிடு கலக்கிவிட்டு வந்த பூபதிராஜா, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நண்பன் ஷஹீர் அனுப்பிய வீடியோவைத் திறந்தான். ‘என் வாழ்நாளின் பத்துப் படங்கள்’ என்று தலைப்பு. கீழே, ‘மாப்ள, முழுசாப் பாரு’ என்று ஒரு வரி. வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் விற்கிறவனுக்கு யூடியூப்பில் சினிமா சேனல் ஒரு கேடா என்று ஊரே சிரித்தது. பூபதி மட்டும் சிரித்ததில்லை. கேரள எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எங்கே முதலில் திரையிடுகிறார்களோ அங்கே இருபது வருடமாக ஒரே பைக்கில் போனவர்கள் அவர்கள்.

அவர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. தியேட்டருக்குள் ஒரு போன்தான் போகும், அது ஷஹீருடையது. பூபதியின் போன் வீட்டிலேயே கிடக்கும். அவசரமென்றால் வீட்டார் ஷஹீரைத்தான் கூப்பிட வேண்டும். இடைவேளையில் அவன் வெளியே போய் டீயும் முட்டை பப்ஸும் வாங்கி, போனையும் பார்த்துவிட்டு வருவான். படத்தை நிம்மதியாகப் பார்க்க இரண்டு மேதைகளும் கூடிப் போட்ட திட்டம்.

ஷஹீரின் பட்டியலில் பாதிப் படங்கள் பூபதிக்கும் பிடித்தவை. அவனும் ஒரு நோட்டில் பத்துப் படங்களை எழுதி வைத்திருக்கிறான். அதில் ஒன்றாம் எண் ஆறு வருடமாகக் காலி. லாரிக்காரன் ஒருவன் மகளைத் தேடிப் போகிற படம் அங்கே இருந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு அவன் பார்த்த படம். முடிந்து வெளியே வந்ததும் ஷஹீர், “அம்மாவுக்கு முடியலையாம் மாப்ள, வா” என்றான். போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைத் துணி மூடியிருந்தது. “படம் முடிஞ்சுதா?” என்று கேட்ட அக்கா பொன்னாத்தாள், அதற்குப் பிறகு அவனோடு பேசவேயில்லை. சினிமாவுக்குப் போனதற்குத் தண்டனை என்று அவனும் ஏற்றுக்கொண்டு, நோட்டில் அந்தப் படத்தின் பெயரை அடித்துவிட்டான்.

வீடியோவில் ஷஹீர் முதலிடத்துக்கு வந்தான். அதே லாரிக்காரன் படம்.

“இன்டர்வெல்லுல ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துதுங்க. கூட வந்தவன்கிட்டச் சொன்னா எந்திரிச்சுப் போகோணும். சொல்லாம உள்ள வந்து உக்காந்துட்டேன். அப்படிக் கட்டிப் போட்ட படமுங்க.”

“ஏனுங்க, தோசை ஆறுது” என்று வனிதா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். பூபதிக்கு மனைவியின் குரல் காதில் ஏறவில்லை. அன்று தின்ற பப்ஸின் ருசி நாக்கில் வந்து நின்றது. இன்னொன்று வேண்டுமா என்று வேறு கேட்டானே பாவி.

சந்தை நாள். கடையில் ஷஹீர் முழம்போட்டுக் கயிறு அளந்துகொண்டிருந்தான்.

“அக்கா அன்னிக்குப் போன்ல என்ன சொல்லுச்சு?” என்றான் பூபதி.

ஷஹீர் கயிற்றைக் கீழே வைத்தான். “அம்மா உன்னையவே கேட்டுட்டு இருக்குதாம். கூட்டிட்டு வரச் சொல்லுச்சு.”

“நீ?”

“‘அவன்கிட்டச் சொல்லிட்டேன், வந்துருவான்’னு அக்காகிட்டச் சொன்னேன்.” குரல் இறங்கியது. “ஒரு மணி நேரந்தானேன்னு இருந்துட்டேன் மாப்ள. அப்பறம் உன்ற மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. கேமராவப் பாத்துச் சொல்லிட்டேன்.”

“ஊருக்கே சொல்லிட்ட. எனக்கு ஒருத்தனுக்குச் சொல்லல.”

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனால் இருபது வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த தோளைத் தொடவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து, மாடுகளுக்கு நடுவே நின்று, ஆறு வருடமாகக் கூப்பிடாத எண்ணைத் தேடி அழுத்தினான்.

மணி அடித்தது, மறுமுனையில் எடுத்தார்கள்.

“அக்கா, நீ போன் பண்ணுனது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

துண்டித்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரையில் அக்காவின் பெயர். அதன் கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.