கருப்பனார் கயிறு

சென்னியப்பன் மறுபடியும் குடிக்கிறான் என்று அவன் மனைவி சாந்தாமணிக்குத் தீர்மானமாகிவிட்டது. போர்வெல் போடும் ரிக் வண்டியில் அவனுக்கு வேலை. இனிமேல் குடிப்பதில்லை என்று ஆடி மாதம்தான் கருப்பனார் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டான். கயிறு கையில் அப்படியே இருந்தது, நடைதான் தள்ளாடியது. பேச்சு குழறியது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தான். காலும் வீங்கியிருந்தது.

வாயை ஊதச் சொன்னாள். வாடையே இல்லை. வாடையில்லாமல் எந்த எழவைக் குடிக்கிறான்?

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையைக் கவிழ்த்தாள். அழுக்குச் சட்டைக்குள் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மல்லசமுத்திரம் மருந்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"இது நரம்பு வலிக்குக் குடுக்கறதுங்கக்கா. தலை சுத்தும், தூக்கம் வரும், கால் வீங்கும்" என்றான் கடைக்காரன்.

திரும்பி வந்து அட்டையைப் புருஷன் முன்னால் வீசினாள். "எங்கிட்டயே ஏனுங்க மறைச்சீங்க?"

"உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியுமே. அதை முழுங்காட்டி இடுப்பு நிமிராது, முழுங்கினா நிக்க முடியாது. குடிகாரனைன்னா தெளிஞ்சதும் வண்டியில ஏத்திக்குவாங்க புள்ள. இடுப்பு போனவனை எவன் ஏத்துவான்? மாத்திரை அசத்தற அன்னிக்கெல்லாம் குடிச்சுப்போட்டேன்னு சொல்லித்தான் லீவு போடறேன்."

அவன் செல்போன் அடித்தது. ரிக் மேனேஜர். சாந்தாமணியே எடுத்தாள்.

"ஆமாங்க" என்றாள், அவன் கைக்கயிற்றைப் பார்த்தபடி. "கருமம் புடிச்ச மனுசன், இன்னைக்கும் ஊத்திக்கிட்டு மல்லாந்து கிடக்கறாருங்க."