ஒன்பதாவது ஒட்டு

தம்பி அவள் வீட்டுப் படியேறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பென் டிரைவும் கையுமாக வந்து நின்றபோது, என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே அக்கா மனதுக்குள் சரி என்று சொல்லிவிட்டாள்.

"அக்கா, சவுண்டு செத்துப்போச்சு. நீதான் காப்பாத்தணும்."

"வந்ததும் சாவுச் செய்தியா? உள்ள வாடா முதல்ல."

அவன் ஆடுவது ஒரு பழைய வீடியோ கேம். அறுபத்திரண்டு அறைகள் கொண்ட கோட்டை. முதல் கதவில் நுழைந்து கடைசிக் கதவில் வெளியேற வேண்டும். உலகம் முழுக்கச் சில நூறு பேர், யார் குறைந்த நேரத்தில் வெளியேறுகிறார்கள் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஆட வேண்டும். ஆடியதை அப்படியே பதிவு செய்து சரிபார்ப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவன் பெயர் 'ஆமை'. ஆமை நான்கு வருடமாக இரண்டாம் இடத்தில் இருந்தது.

"நாப்பத்தியொரு நிமிஷம், ஒம்போது செகண்டுக்கா! முதல் இடத்துல இருக்கறவனைவிடப் பதினொரு செகண்டு கம்மி. ஆனா ரெக்கார்டிங்ல அங்கங்க கரகரங்குது. இப்படியே அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க."

அக்காவின் பிழைப்பே அதுதான். வேற்றுமொழித் தொடர்களுக்குக் குரல் சேர்க்கும் கம்பெனியில், பேசியவர்களின் குரலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட மின்விசிறி இரைச்சலையும் நாற்காலி முனகலையும் எடுத்துத் தள்ளுவது அவள் வேலை. 'சத்தம் தொடைக்கிறா' என்று அம்மா உறவினர்களிடம் சொல்வாள், ஏதோ பாத்திரம் துலக்குவதைப் போல.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பதினான்கு இடங்களில் ஒரு நொடி, ஒன்றரை நொடி, காய்ந்த சருகைக் கசக்கியது போல் ஒரு கரகரப்பு. அதற்கடியில் கேமின் இசை துளியும் மிச்சமில்லை. நல்லவேளை, அந்தக் கோட்டையில் இசை எப்போதும் ஒன்றேதான். தம்பியின் பழைய பதிவு ஒன்றிலிருந்து அதே இசைத்துண்டுகளை வெட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து, விளிம்புகளைத் தேய்த்து ஒட்டினாள்.

ஒன்பதாவது இடம் மட்டும் படுத்தி எடுத்தது. ஒரு கதவு திறக்கிறது, திரை கண் சிமிட்டும் நேரம் இருண்டு மீள்கிறது. அதன்பின் இசை அரைத்தாளம் முந்திக்கொண்டு நின்றது.

"நடுவுல கொஞ்சம் முழுங்கியிருக்குடா."

"பழைய கம்ப்யூட்டர்தானேக்கா" என்றான் பின்னால் நின்றவன்.

ஒரு புல்லாங்குழல் சுரத்தின் வாலைப் பிடித்து இழுத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரு மணி நேரத்தில் அதையும் பொருத்தினாள். தம்பி கேட்டுப் பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "கையில மந்திரம் வச்சிருக்கக்கா நீ!" இதை அவள் மறுநாள் அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொன்னாள்.

பத்து நாளில் ஆமை முதல் இடத்துக்கு வந்தது. மூன்றாவது வாரம், மதிய இடைவேளையில் அம்மாவின் போன் வந்தது.

"அவனுக்கு என்னடி பண்ணி வச்ச? ரெண்டு நாளா ரூமை விட்டு வெளிய வரல. ஏமாத்துக்காரன்னு எழுதிட்டாங்களாம்."

குழுவின் கடிதத்தை அம்மா அனுப்பிவைத்தாள். பதினான்கு இடங்களில் ஒலி ஒட்டப்பட்டிருக்கிறது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் சாதனை நீக்கப்படும், இந்தப் பெயருக்கு இனிப் பட்டியலில் இடமில்லை. கரகரப்போடு அனுப்பியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பார்களாம். ஒலியில் விரல்கூடப் படக்கூடாது என்பதே விதியாம். பாவி, நான்தான் அவன் குடியைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுதினாள். அந்த ஒட்டுகள் அனைத்தும் தன்னுடையவை, தன் அறியாமைக்குத் தம்பியைத் தண்டிக்க வேண்டாம். சான்றாக, அவன் கொடுத்த கரகரத்த மூலப்பதிவையும் இணைத்தாள். மூலத்தில் கை வைக்காமல் நகலில் வேலை செய்வது அவள் தொழிலின் பாலபாடம். அதனால் அது பத்திரமாக இருந்தது. அனுப்பியதும் பாரம் இறங்கியது. உடனே தம்பியை அழைத்தாள்.

"டேய், கவலைய விடு. ஒரிஜினலை அனுப்பிட்டேன்."

"எந்த ஒரிஜினல்?"

"நீ குடுத்ததுதான்டா, கரகரப்போட."

"அது இன்னும் இருக்கா?"

"அதை அழிச்சா என்னை வேலைய விட்டே துரத்திடுவாங்க."

"உன்னை யாரு அனுப்பச் சொன்னா?" என்று அலறினான். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

போனை வைத்துவிட்டு அவள் மூலப்பதிவைத் திறந்தாள். இந்த முறை காதால் கேட்கவில்லை. ஒலியின் கோடுகளைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்தாள். முதல் கரகரப்பை எடுத்து இரண்டாவதன்மேல் வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. மூன்றாவதும். பதினான்கும். பழுதால் வரும் கரகரப்பு ஒருநாளும் இப்படி ஒன்றுபோல் இருக்காது. எவனோ ஒன்றைச் செய்து பதினான்கு தடவை ஒட்டியிருக்கிறான். பதின்மூன்று ஒப்புக்கு. ஒன்பதாவதுதான் காரியத்துக்கு: அந்தக் கதவின் இருட்டில் இரண்டு வெவ்வேறு நாளின் ஆட்டம் இணைக்கப்பட்டிருந்தது. படம் காட்டிக்கொடுக்காது, இசை காட்டிக்கொடுக்கும். அதை மறைக்கக் கரகரப்பு. கரகரப்பைத் துடைத்து, முந்திய இசையையும் பொருத்திவைக்க ஓர் அக்கா.

மறுநாள் தேநீர் நேரத்தில் அவன் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான்.

"அவங்க இன்னும் பதில் போடல. அந்தக் கரகரப்பு, வெட்டு எல்லாமே உன் கைத்தப்புன்னு எழுதிடு. உன்னை அங்க எவனுக்குத் தெரியும்?"

"எனக்கு என்னைத் தெரியுமேடா."

"வசனம் பேசாத! ரெண்டு பாதியும் நான்தானே ஆடினேன்? வேற எவனாவது வந்து ஆடினானா? நாள்தானே வேற!"

"எங்கிட்ட உண்மையச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான்கு வருடம் ஓர் அறைக்குள் உட்கார்ந்து அறுபத்திரண்டு அறைகளைக் கடந்தவனின் முகம் அது. அதைப் பார்த்துப் பரிதாபப்படாமல் இருக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாலையில் அம்மா. "ஒரு வரி எழுதினா உன் விரல் தேஞ்சிடுமா? கூடப் பொறந்தவனுக்கு இதுகூடச் செய்யாத நீ யாருக்குடி செய்யப்போற?"

வெள்ளிக்கிழமை குழுவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. ஒன்பதாவது இடத்தில் இசை முந்தியிருப்பது உங்கள் வேலையினாலா, அல்லது உங்களிடம் வரும்போதே அப்படித்தான் இருந்ததா?

'என்னால்தான்' என்று தட்டினாள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, 'வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்று எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பட்டியலிலிருந்து ஆமை காணாமல் போனது.

தம்பி தன் ரசிகர்களுக்கு ஒரு வீடியோ போட்டான். அக்காவுக்குத் தன்மேல் சிறு வயதிலிருந்தே பொறாமை என்றான். இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். முன்னூறு பேர் ஆறுதல் சொன்னார்கள். அம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அலுவலகத்தில் வேலை குறைந்த ஒரு மதியம், அவள் தான் சரிசெய்து கொடுத்த பதிவை எடுத்து ஒன்பதாவது இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குழு அதைக் கோடுகளை வைத்துத்தான் பிடித்திருந்தது. எந்தக் காதாலும் பிடித்திருக்க முடியாது. கதவு திறந்தது. புல்லாங்குழல் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிப் போனது. அவன் பொய் எங்கே தொடங்கியது என்று அவளுக்கே கேட்கவில்லை. பத்து வருடத் தொழிலில் அவள் இவ்வளவு சுத்தமாக எதையும் ஒட்டியதில்லை.