டிஸ்க்கில் தடவிய எண்ணெய்

என் காரை யாராவது தொட்டால் எனக்கு ஆகாது. இதை வீட்டில் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன், எதிர்வீட்டுச் சின்னத்தாயி அக்காவிடம் சொன்னேன், பானட் மேல் ஏறிப் படுக்கும் பூனையிடம்கூடச் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் எதையும் தொடுகிற ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

எழில் என்று எனக்குப் பெயர். மிளகாயைக் கடித்த மாதிரியே இருக்கிற முகத்துக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டோமே என்று அம்மா அலுத்துக்கொள்வாள். வைத்தது அவள்தான், அனுபவிக்கட்டும். ஒரு வால்வு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைச் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறேன் என்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை.

அது போட்டி இல்லை. டிராக் டே என்பார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் சொந்தக் காரைக் கொண்டுபோகலாம். பரிசோதனையில் தேறினால் இருபது நிமிஷம் வீதம் மூன்று தடவை ஓட்ட விடுவார்கள். எங்கள் வீடு போத்தனூர் தாண்டி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்த டிராக் சத்தம் மொட்டைமாடிவரை வரும். பத்து வயதில் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இருபத்தொன்பது வயதுவரை வேலிக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். உள்ளே போக எனக்கு இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. காலை ஏழரைக்குள் வண்டியோடு பரிசோதனைக்கு நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொன்றையும் நானே செய்தேன். பிரேக் ஆயில் மாற்றினேன். முன்சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டுகளைக் கவ்வி நிறுத்தச் சூடு தாங்கும் புது பேட் போட்டு, பழையதைக் காகிதத்தில் சுற்றி ஷெட்டில் வைத்தேன். சக்கர நட்டுகளை அளவுச் சாவி வைத்து இறுக்கினேன். வண்டிக்குள் தளர்வாக எதுவும் கிடக்கக் கூடாது. திருப்பத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் தீர்ந்தது கதை. ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். டேஷ்போர்டில் நின்ற மாரியம்மனை எடுத்தபோதுதான் அம்மா வந்தாள்.

"அம்மனையே எறக்கிப்போட்டு எங்கடி போற?"

"அம்மனுக்கு சீட் பெல்ட் இல்லீங்கம்மா."

அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை. முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம் மிளகாயை மட்டும் விட்டுவைத்தேன். அதையும் பரிசோதகர் கழற்றச் சொல்வார் என்று தெரியும். அவரோடு அம்மா சண்டை போடட்டும்.

பிரேக் ஆயில் மாற்றும்போது பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். என்னோடு வேலை செய்யும் ரிஃபத் வந்து மிதித்துக் கொடுத்தான். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா அந்த ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே நின்றார். மிதிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

என் அப்பா காளிச்சாமி ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஹெல்பர். மெஷினை ஓட்டுகிற ஹெல்பர் இல்லை. சாயங்காலம் மெஷின்கள் நின்றதும் இரும்புச் சீவலைக் கூட்டி, துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவிவிட்டு வர வேண்டும். அவர் துடைத்தால் மெஷினில் முகம் பார்க்கலாம் என்று பேர். அந்தப் பேர் மட்டும்தான் கிடைத்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் ஆபரேட்டர் ஆனார்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்துத்தான் லேத்தில் நிறுத்துவார்கள், அது ஊருக்கே தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில் ஆயுத பூஜைப் பொரி வாங்க அங்கே போயிருந்தேன். எனக்குக் காட்டுவதற்காக அப்பா ஒரு லேத்தின் ஸ்விட்சைப் போட்டார். இரும்பைக் கவ்வும் சக் சுற்ற ஆரம்பித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி வெங்கடபதி எல்லார் முன்னாலும் வந்து, "யாரைக் கேட்டுத் தொட்ட?" என்றார். அப்பா தலையைக் குனிந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், "தப்புத்தானுங்க" என்றார். பொரிப் பொட்டலத்தை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தேன். இருபது வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. நான் மெஷின் ஓட்டப் போனதே அதனால்தான்.

அந்த வெங்கடபதியின் மகன் யஷ்வந்த்தான் டிராக் டே நடத்தும் கிளப்பில் செயலாளர். வியாழக்கிழமை கூட்டத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம காளி பொண்ணா நீ?" என்றார். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. இவருக்கு என் வயதுகூட இருக்காது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். ஓட்ட வேண்டுமே.

ஒவ்வொரு வண்டிக்கும் டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்தும் பிட்டில் ஓர் உதவியாள் நிற்க வேண்டும் என்பது விதி. ரிஃபத் பெயரை எழுதியிருந்தேன். சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல், படுத்துவிட்டான். யஷ்வந்துக்குப் போன் செய்தேன். "எங்க மெக்கானிக் ஒருத்தர் பேர உனக்கும் எழுதிக்கலாம், விடு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். வீட்டில் அப்பா சும்மாதான் இருந்தார். அவரைக் கூட்டிப்போகலாம். போனால் அந்த ஆள் என் முன்னாலேயே காளி, வா, போ என்பார். அதைக் கேட்க என்னால் ஆகாது. நான் சொல்லிக்கொண்ட காரணம் இது. அப்பாவின் ரப்பர் செருப்பும் காவி படிந்த வேட்டியும் அந்தக் கார்களுக்கு நடுவே எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் காரைக் கழுவி நிறுத்தினேன். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு எடுத்தேன். வாசலில் அப்பா நின்று, "சூதானமாப் போய்ட்டு வா கண்ணு" என்றார். சந்து முனையில் பால் சொசைட்டி. அங்கே ஒருவர் கேன் கட்டிய டி.வி.எஸ்ஸைக் குறுக்கே திருப்பினார். பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, கார் நிற்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தேன். கார் தன் பாட்டுக்குப் போனது. கைப் பிரேக்கை இழுத்ததும் பின்சக்கரம் தேய்ந்து, பால்கேனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பால்காரர் என் குடும்பத்தையே திட்டினார். திட்டட்டும், நியாயம்தான்.

இறங்கி முன்சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டேன். வழவழவென்று இருந்தது. முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. தினமும் எட்டு மணி நேரம் அந்த வாசத்தில்தான் நிற்கிறேன். மெஷின் ஆயில்.

முதல் கியரில் ஊர்ந்து வீட்டுக்குத் திரும்பினேன். அப்பா இன்னும் வாசலில்தான் இருந்தார். வாசல் திண்டின் மேல் எண்ணெய்க் கேனும் பழைய பனியன் துணியும் இருந்தன.

"டிஸ்க்குல என்னங்கப்பா தடவுனீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "நீ நேத்து தண்ணி ஊத்திக் கழுவுனயா, வெடியால பார்த்தா ரண்டு தட்டும் செவசெவன்னு துரு புடிச்சிருந்துச்சு கண்ணு. நாலு பேரு பாக்கற எடத்துக்குப் போற. எண்ணெ போட்டுத் தொடச்சுப்போட்டேன். இப்பப் பாரு, வெள்ளியாட்டம் இருக்குது."

அந்தத் துரு முதல் இரண்டு பிரேக்கிலேயே தேய்ந்து போய்விடும். எண்ணெய் போகாது. பேட் அதைக் குடித்துவிடும், அப்புறம் அது பிடிக்கவே பிடிக்காது. இரும்பைப் பார்த்தால் எண்ணெய் தடவுகிற கை, நிறுத்துவதற்கென்றே இருக்கிற இரும்பிலும் தடவிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஆறு மணி. ஏழரைக்கு வாசலை மூடுவார்கள். பத்தொன்பது வருஷம் என் கண் முன்னால் போயிற்று.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்றேன்.

தெருவுக்கே கேட்டிருக்கும். சின்னத்தாயி அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா தலையைக் குனிந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் போனார். "தப்புத்தானுங்க" என்றார்.

என்னிடம் சொன்னார். பெற்ற மகளிடம். என்னைக் கண்ணு என்பார், சாமி என்பார், ஆத்திரம் வந்தால் கழுதை என்பார். ஒருநாளும் 'ங்க' போட்டதில்லை. வெங்கடபதிக்குக் கொடுத்ததை அப்படியே எனக்கும் கொடுத்துவிட்டார். நான் கேட்டதும் அந்த ஆள் கேட்ட கேள்வியைத்தானே.

அதற்குமேல் கோபம் முழுக்க என் மேல்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, அந்தப் பழக்கமே இல்லை.

"சும்மா நிக்காதீங்கப்பா. எமரித் தாளை எடுங்க. டிஸ்க் ரெண்டையும் தேய்க்கணும்."

சக்கரங்களைக் கழற்றினேன். புது பேட் இரண்டு பக்கமும் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. தூக்கிப் போட்டேன். பிரேக் கிளீனரை டிஸ்க்கில் அடித்துக் கொடுக்கக் கொடுக்க அப்பா எமரித் தாளால் தேய்த்தார். நானும் ஒரு தாளை எடுத்து ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அவர் மறுபக்கத்தை முடித்துவிட்டார், ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லை. ஷெட்டில் சுற்றிவைத்த பழைய பேட்டுகளை எடுத்தேன். கனம் பாதிக்கு மேல் தேயாமல் இருந்தது. அடக்கி ஓட்டினால் தாங்கும். மாட்டிவிட்டு, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் முன்னால் வரும்வரை பெடலை மிதிக்க வேண்டும், நான் இந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

"ஏறி உக்காந்து பெடலை மிதிங்கப்பா."

அவர் கதவைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து டிரைவர் சீட்டின் மேல் விரித்தார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக விட்டார், கோயில் வாசலில் விடுகிற மாதிரி. என் காரில் அவர் எத்தனையோ தடவை வந்திருக்கிறார், பின்சீட்டில். அப்போதும் இப்படித்தான் ஏறினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை.

"செருப்பை எதுக்குங்க கழட்டறீங்க?" குரல் மறுபடி ஏறிவிட்டது.

"சீட்டு, மிதியெல்லாம் அழுக்காயிடும் கண்ணு."

"ஆகட்டும். அழுக்காகத்தான் கார்."

உள்ளே ஓடி என் கம்பெனி ஷூவைக் கொண்டுவந்தேன். முன்னால் இரும்பு வைத்தது. எனக்கு அப்பாவின் கால், இருவருக்கும் ஏழாம் நம்பர். முப்பத்தோரு வருஷம் சீவலுக்கு மேல் நடந்தவருக்கு அந்தக் கம்பெனி ஒரு ஜோடி கொடுத்ததில்லை. அவர் உள்ளங்கால் முழுக்க வடு.

"இதைப் போடுங்க. பிட்டுல ஷூ இல்லாம நிக்க விடமாட்டாங்க."

"நானா?"

"வேற யாரு இருக்காங்க? வேட்டிய மாத்திக்கிட்டு வாங்க. ரெண்டு நிமிஷம்தான்."

ஏழு இருபத்தைந்துக்கு டிராக் வாசல். மேஜையில் இருந்த பெண்ணிடம், உதவியாள் என்ற இடத்தில் யஷ்வந்தின் மெக்கானிக் பெயரைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லி, காளிச்சாமி என்று நானே எழுதினேன். பரிசோதகர் விளக்கடித்துச் சக்கரங்களைப் பார்த்தார், பெடலை அமுக்கினார், அம்மாவின் எலுமிச்சம்பழத்தைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார். பேட் பழசு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஆறவிடு என்றார். கண்ணாடியில் தேறியதற்கான ஸ்டிக்கர் ஒட்டினார்.

வரிசையில் எனக்கு முன்னால் யஷ்வந்தின் வெள்ளைக் கார். நான் ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம் அப்பா, பேன்ட்டும் என் ஷூவுமாக. யஷ்வந்த் எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

"அட காளி. நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு. நம்ம கண்ணாடில பூச்சி அடிச்சிருக்கு, ஒருவாட்டி தொடச்சு விட்டுரு." ஒரு மஞ்சள் துணியை நீட்டினார்.

பெல்ட்டைக் கழற்ற என் கை போனது. டிராக் முனையில் வண்டிகளை விடும் கொடிக்காரர் என்னைப் பார்த்து அப்படியே இரு என்று சைகை செய்தார். இப்போது இறங்கினால் வரிசை போய்விடும். போகட்டும் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் கை துணியை வாங்க நீண்டது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், பாதிவரை போய்விட்டது. அங்கே நின்றது. பிறகு அந்தக் கையை என் கார்க் கதவின் மேல் வைத்தார்.

"இல்லீங்க தம்பி" என்றார், ரொம்ப மரியாதையாக. "அடுத்தவங்க வண்டியத் தொடறதில்லீங்க. எம்புள்ள வையுமுங்க."

யஷ்வந்த் துணியும் கையுமாக நின்றார். நான் பெல்ட்டிலிருந்து கையை எடுத்து, முதல் கியரைப் போட்டேன்.