மேல்வீட்டுப் பூண்டு உரல்

மேல்வீட்டு ஓக்பூனுக்குக் வருஷத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டுக் கொடுக்க மருமகள்கள் மூவரும் வந்திருந்தார்கள். பூண்டு இடிக்கும் சத்தமும் அவர்கள் சிரிப்பும் தரைத்தளத்தில் தனியாக இருந்த மல்சூனின் தலைமேல் இறங்கின. அவளுடைய ஒரே மருமகள், "கடைக் கிம்ச்சியே போதும் அத்தை" என்று சொல்லி இந்த வருஷமும் வரவில்லை. இடியையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத்தான் மல்சூனால் பொறுக்க முடியவில்லை.

குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "மண்டையே பிளக்குது, கேக்க ஆளில்லையா?"

புகார் சொன்னவர் பெயரைச் சொல்லாமல், எல்லா வீட்டு ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கை வந்தது. சத்தம் நின்றது. மல்சூனுக்கு வயிறு குளிர்ந்தது.

சற்று நேரத்தில் உரலை அணைத்தபடி ஓக்பூன் வாசலில் நின்றாள்.

"அக்கா, யாரோ ஒரு புண்ணியவதி புகார் பண்ணிட்டா. உங்க வீட்டுக்குக் கீழ யாருமில்லையே, இங்க வச்சு இடிச்சுக்கட்டுமா? உங்களுக்கும் ஒரு டப்பா போட்டுத் தர்றேன்."

மல்சூனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் புண்ணியவதி நான்தாண்டி" என்றாள் மெல்ல.

ஓக்பூன் உரலை வீட்டுக்குள் இறக்கி வைத்தாள்.

"அப்ப பூண்டு உரிக்கிற வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள்: "ஏ புள்ளைங்களா, எல்லாரும் கீழ வாங்க!"