பெல்லிக்கிள் மேல் புற்றுமண்

உச்சிமாகாளிக்குத் தூசி பார்க்கிற வேலை. வேறெங்கோ ஒரு நாட்டில் சிப் அச்சடிக்கிறார்கள். அதற்கான அச்சு ஒரு கண்ணாடித் தகட்டில் இருக்கும். அதன்மேல் தூசி விழாதிருக்க, பெல்லிக்கிள் என்று ஒரு சவ்வை, வெங்காயத் தோலைக் காட்டிலும் மெல்லிசாக, இழுத்துக் கட்டியிருப்பார்கள். சவ்வில் சின்னத் தூசி விழுந்தால் பாதகமில்லை. பெரிதாக விழுந்தால் சிப் மொத்தமும் குப்பை. அந்தச் சவ்வின் படங்கள் சங்கரன்கோவிலில் அவர் வீட்டு மாடிக்குக் கம்ப்யூட்டர் வழியே வரும். ஆகும், ஆகாது என்று அடிக்க வேண்டும். ஆகாதென்றால் என்ன தூசி என்று குறிப்பும் எழுத வேண்டும்.

மனைவி இறந்து ஆறு வருஷம். வீட்டில் பேச ஆளில்லாமல் தூசிகளோடு பழகிவிட்டார். மிகையாக ஒன்றும் சொல்லவில்லை, எந்தத் தூசிக்கு எந்த ஊர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். டீக்கடை சுந்தரராஜ் சோதிப்பதற்கென்றே செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

"கரிசல் மண்ணு. திருவேங்கடம் பஸ்ல வந்திருக்கீரு. ஜன்னலோர சீட்டு."

"வே, பக்கத்துல இருந்தது யாருன்னு சொல்லிராதேயும். வீட்டுல பொண்டாட்டி இருக்கா."

"இருக்கால்லா," என்றார் உச்சிமாகாளி. மீதி டீயைக் குடிக்காமல் கிளம்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் படம் வந்தது. சவ்வின் இடது ஓரத்தில் ஒரு பொட்டு, அளவுக்கு மீறிப் பெரிது. படம் கருப்பு வெள்ளைதான், அதனாலென்ன, தெரிந்துவிட்டது. நம்மூர்க் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண். யாரோ ஊர்க்காரர், வீட்டிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் இட்டுக்கொண்டு, கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு சவ்வு மாட்டுகிற அறைக்குள் போயிருக்கிறார்.

உச்சிமாகாளி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். விருந்தாளி வந்திருக்கும்போது பனியனோடு உட்கார முடியுமா?

'ஆகும்' என்று அடித்தால் அந்த நெற்றி நாளைக்கும் வரும். சிப் பாழாகும், என்றாவது பிடிபட்டு அந்த ஆளின் பிழைப்பும் போகும். சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'ஆகாது' என்று அடித்தார். குறிப்பில் தமிழிலேயே எழுதினார்: 'நெத்தியக் கழுவிட்டு உள்ள போங்க. பிடிச்சா வேலை போயிரும். எனக்கும் சங்கரன்கோயில்தான். நீங்க எந்தத் தெரு?'

பெங்களூரிலிருந்து மேலாளர் ஜெஸ்லின் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, குறிப்புல என்னமோ தமிழ்ல எழுதியிருக்கியளே?"

"மண்ணு வகைம்மா. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு கிடையாது."

"நான் நாகர்கோயில்காரி. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்."

உச்சிமாகாளி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியே அங்க அனுப்பிட்டேன், அண்ணாச்சி."

புதன், வியாழன் இரண்டு நாளும் சட்டையோடே வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை அதே கண்ணாடி, புதுச் சவ்வு மாட்டி வந்தது. நான்கு மூலையும் தேடினார். இடது ஓரத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். துளித் தூசி இல்லை. சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னும் முடிக்கலியா அண்ணாச்சி? சுத்தமாத்தான இருக்கு?" என்று போனில் கேட்டாள் ஜெஸ்லின்.

"சுத்தமாத்தாம்மா இருக்கு. இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன்."

பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, 'ஆகும்' என்று அடித்தார்.