ஒரு கட்டம் தள்ளி

லீனாவைப் புரோகிராம் எழுத வைத்தது டாக்டர் ஆண்ட்ரூவின் ஆசைதான். லிங்கராஜபுரத்தில் அவருக்கு ஒரு சின்ன நர்சிங் ஹோம். சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். லீனா ரிசப்ஷனில் இருந்தாள். தொண்ணூற்றேழில் அவர் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப்போட்டார்.

"நீதான் கம்ப்யூட்டர் கிளாஸ் போறியே லீனா, வார்டுக்கு இன்சுலின் ஷீட் அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் குடேன். நர்ஸுங்க கையெழுத்தை என்னால படிக்க முடியல."

பிரேசர் டவுன் இன்ஸ்டிட்யூட்டில் அவள் அப்போதுதான் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் பாதிவரை வந்திருந்தாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மதிய நேரங்களில் ஆள் இல்லாதபோது உட்கார்ந்து எழுதினாள். நோயாளியின் பெயர்; பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்; ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை யூனிட் இன்சுலின் என்று ஓர் எண். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட டேப் என்ற குறியைப் போட்டாள். பாடத்தில் அப்படித்தான் இருந்தது. பிரிண்டர் கிர்ரென்று அடித்துத் தள்ளியபோது எண்கள் தலைப்புக்குக் கீழே அணிவகுத்து நின்றன. டாக்டர் அதை எல்லோரிடமும் காட்டினார். "இனிமே எல்லாரும் இந்த ஷீட்டைப் பார்த்துதான் ஊசி போடணும்" என்று நர்ஸுகளிடம் சொல்லிவிட்டார். லீனா அன்று வீட்டுக்கு ஹோலி கோஸ்ட் சர்ச் வழியாகச் சுற்றிப் போய், மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை காலையும் ஷீட்டை அடித்து, பிரிண்டர் காகித ஓரத்து ஓட்டைப் பட்டையைக் கிழித்து, வார்டில் மாட்டிவிட்டு மதிய வகுப்புக்குக் கிளம்பிப் போனாள்.

வகுப்பில் ஒரு பள்ளிக்கூட மார்க் பட்டியலை அச்சடிக்கும் பயிற்சி. பக்கத்து மெஷினில் இருந்த சீனு தன் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"இங்க பாருங்க, லீனா. ஒரே ஒரு பையன் மட்டும் கணக்குல தொண்ணூறு வாங்கிட்டு ஃபெயில் ஆயிட்டான்!"

எட்டிப் பார்த்தாள். நீலத் திரையில் பத்துப் பெயர்கள். ஒன்பதுக்கு எல்லாம் சரி. நீளமான ஒரு பெயருக்கு மட்டும் எல்லா மார்க்கும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. தமிழ் மார்க் ஆங்கிலத்தின் கீழே, கணக்கு மார்க் அறிவியலின் கீழே.

"பேரு நீளம். அதான்" என்றான் சீனு. "டேப்புன்னா பஸ் மாதிரி. ஸ்டாப்புலதான் நிக்கும். பேரு அந்த ஸ்டாப்பைத் தாண்டிடுச்சுன்னா, அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடும். அதுக்குப் பின்னாடி வர்றதெல்லாம் தள்ளிப்போயிடும்."

வகுப்பே சிரித்தது. லீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தான் டைப் செய்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது.

நேற்று சாயங்காலம் ஒருவரை அட்மிட் செய்திருந்தார்கள். லாரி ஆபீஸில் வேலை பார்ப்பவர். கணேசமூர்த்தி. இனிஷியலோடு அவள்தான் டைப் செய்தாள். ஆங்கிலத்தில் அடித்தால் எவ்வளவு நீளம்! இதுவரை வந்த பெயர்களெல்லாம் டெஸ்மண்ட், பெருமாள்சாமி மாதிரிதான். ஒன்றுகூட இவ்வளவு நீளமில்லை. அவருக்குக் காலையில் இருபது, மதியம் ஒன்றுமில்லை, இரவு எட்டு. ஒரு கட்டம் தள்ளினால் காலை காலியாக இருக்கும். இருபது மதியத்துக்குக் கீழே போய் நிற்கும்.

காலை டியூட்டி மங்களம் சிஸ்டர். பழைய ஆள். டாக்டர் என்ன சொன்னாலும் கையால் எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான் ஊசி போடுவார். காலையில் இருபது போட்டிருப்பார். மதியம் வருவது புதுப் பெண் ராதா. அவள் ஷீட்டை மட்டும்தான் பார்ப்பாள். பார்க்கச் சொன்னதே அப்படித்தான். காலையில் ஏறியதற்கு மேல் இன்னொரு இருபது ஏறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

லீனா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

இன்ஸ்டிட்யூட் போனுக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். படியிறங்கி எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள். உள்ளே ஒருவர் யாரிடமோ கல்யாணச் சத்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவைத் திறந்து, "சார், உயிர் போற விஷயம் சார்" என்று ரிசீவரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். நர்சிங் ஹோம் நம்பர் எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. ரிசப்ஷனில் அவள் இடத்தில் யாரும் இல்லை. யார் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார்களோ.

ஆட்டோவை மறித்து, சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினாள். "லிங்கராஜபுரா பர்த்தீரா? பேக ஹோகி, ப்ளீஸ்!"

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீட்டரைக்கூடப் போடவில்லை. ஆனால் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரியும் பஸ்ஸும் வரிசை கட்டி நின்றன. லீனா இறங்கி, குனிந்து கேட்டுக்குக் கீழே நுழைந்தாள். யாரோ கத்தினார்கள். தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கம் வந்த பிறகுதான் ரயில் சத்தம் காதில் விழுந்தது. ஒரு செருப்பு அந்தப் பக்கமே போய்விட்டது. 'மாதாவே, மாதாவே' என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. ராதா சாப்பிடப் போயிருக்கட்டும், ஷீட்டைப் பார்க்க மறந்திருக்கட்டும், அவளுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டிருக்கட்டும் என்று ஓடிக்கொண்டே வேண்டினாள்.

ராதா வார்டு வாசலில் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கணேசமூர்த்திக்கு மதியம் போட்டியா?"

"போட்டேனே. இருபது. ஏன்?"

லீனா உள்ளே பாய்ந்தாள். ஜன்னலோரப் படுக்கை. பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி, கையில் மூடிய டிபன் பாக்ஸ். லீனாவைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள்.

"எழுப்பாதம்மா. சாப்பாடு வேணாம்னுட்டாரு. இப்பதான் நல்லா தூங்குறாரு."

தலையணை ஈரமாக இருந்தது. நெற்றி, கழுத்து, பனியன் எல்லாம் வேர்வை. லீனா தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை அந்தப் பக்கம் துவண்டது.

"ராதா! டாக்டரைக் கூப்பிடு! சுகர் லோ ஆயிடுச்சு!"

மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் எச்சில் கையோடு இறங்கி வந்தார். நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தி, இன்னொரு கையில் குத்தி, கடைசியில் முழங்கையில் ஏறியது. குளுக்கோஸ் கெட்டியாக மெல்ல இறங்கியது. மனைவி எதுவும் புரியாமல் கணவனின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். லீனா சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த முகத்தில் ஒரு இமையாவது அசையுமா என்று பார்த்தாள். அசையவில்லை. டாக்டர் இரண்டாவது ஊசிக்குக் கை நீட்டினார்.

பிறகு கணேசமூர்த்தி கண்ணைத் திறந்தார். "என்ன கூட்டம்?" என்றார், குழறலாக.

மனைவி அழ ஆரம்பித்தாள்.

வராந்தாவில் டாக்டர் ராதாவைப் பிடித்துக்கொண்டார். "உனக்குப் படிக்கத் தெரியாதா? காலைல போட்டதை மதியமும் போடுவியா?"

"மதியத்துல இருபதுன்னு போட்டிருக்கே டாக்டர்." ராதா ஷீட்டை நீட்டினாள். "நீங்கதான் இதைப் பாக்கச் சொன்னீங்க."

லீனா அதை வாங்கிப் பார்த்தாள். காலைக் கட்டம் காலி. இருபது மதியத்தில். இரவின் எட்டு, எந்தத் தலைப்பும் இல்லாமல் காகித ஓரத்தில் தனியாக நின்றது. காலையில் இதைக் கிழிக்கும்போது ஒரு தடவை பார்த்திருந்தால்!

"அவ மேல தப்பில்ல டாக்டர். என் புரோகிராம்தான். பேரு நீளமா இருந்தா தள்ளிப்போயிடும். எனக்குத் தெரியல."

டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் வார்டுக்குக் கொடுத்தவர் தாம்தான் என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். திட்டவில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். "இனிமே கையால எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார். ராதா லீனாவின் பக்கம் திரும்பாமல் வார்டுக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் லீனா ஜன்னலோரப் படுக்கைக்குப் போனாள். மனைவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ மட்டும் வரலைன்னா என் தாலி போயிருக்கும் தாயி. தூங்குறாருன்னு நானே பக்கத்துல உட்கார்ந்து பாத்துட்டிருந்தேனே."

அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"இல்லம்மா. தப்பே என்னுதுதான். நான் அடிச்ச ஷீட்டுலதான் தப்பு. அவர் பேரு நீளம். அதுல எண்ணு ஒரு கட்டம் தள்ளி விழுந்திடுச்சு. அதனாலதான் ரெண்டாவது ஊசி."

பிடித்திருந்த கை மெல்ல விலகியது. மனைவி கணவனைப் பார்த்தாள், பிறகு லீனாவைப் பார்த்தாள்.

"பேரு நீளமா இருந்ததுக்கா?"

கணேசமூர்த்தி கண்மூடி, சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மனைவி சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, அவரை எழுப்பினாள்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சிட்டுப் போ" என்றாள்.

லீனா குறைத்தாள்.