ஃபுல்லில் நின்ற முள்

...இல்லையே, பெட்ரோல் முள் கீழே இறங்கியது என்றால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம், என் வீட்டுக்காரர் எதற்கு செத்துப் போச்சு என்கிறார்? மடியில் இருந்த டைனமோ ஆர்மேச்சரில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது, எண்ணிக்கை விட்டுப்போனது, போகட்டும், மறுபடி சுற்றிக்கொள்ளலாம். திரைக்கு அந்தப் பக்கம் கடை, துருகம் ரோட்டைப் பார்த்து 'சாதுல்லா ஆட்டோ எலக்ட்ரிக்' என்று போர்டு, திரைக்கு இந்தப் பக்கம் வீடு, நான். சங்கராபுரத்திலிருந்துகூட டைனமோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், 'பாய் கடையில உள்ள ஒரு ஆளு இருக்குது, நல்ல கை' என்று ஒரு லாரிக்காரர் இன்னொருவரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன், அந்த ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அன்றைக்குக் குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்பதே நினைவில்லாத அளவுக்கு ஒரு சந்தோஷம்.

வந்திருப்பது பழைய லேண்ட்மாஸ்டர் கார். நைனார்பாளையத்துக் கொளஞ்சியப்பன் யாரோ மிராசுதார் வீட்டிலிருந்து வாங்கி, மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலை முதல் கால் வரை பெயிண்ட் அடித்திருக்கிறார், வாசனை சமையல்கட்டு வரைக்கும் வருகிறது. கூடவே வந்திருக்கும் மகள் செவ்வந்திக்கு மலைமேல் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடவில்லையென்றால் ஆர்டர் ரத்து, அடுத்த பெயருக்குப் போய்விடும். பஸ் ஒன்றும் ஓடவில்லை, இட ஒதுக்கீடு கேட்டு மறியல், நான்கு நாளாக மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள், பங்க் எல்லாம் பூட்டு. "நானே ரெண்டு நாளு ரோட்ல குந்திக்கினு இருந்தவன்தான் பாய்... நம்ம புள்ளைங்களுக்கும் வேல வேணும்னுதான் குந்துனேன், இப்ப எம் பொண்ணு வேலையே போயிடும் போலக்குது" என்று வந்ததும் வராததுமாக அவர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. கச்சிராயப்பாளையம் வழி மட்டும் திறந்திருக்கிறதாம். ஆனால் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது? ஏரிக்கரை, வயல்பாதை என்று சுற்றி வந்ததில் எவ்வளவு போனதோ, முள் மட்டும் அசையாமல் ஃபுல்லிலேயே நிற்கிறது, குச்சி விட்டுப் பார்க்கவும் வழியில்லை, டேங்க் வாய்க்குழாய் வளைந்திருக்கிறது, உள்ளே விட்ட விளக்குமாற்றுக் குச்சி பாதியில் முறிந்ததுதான் மிச்சம்.

இவர் சாவியைப் போட்டு, டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி பாடியில் வைத்துப் பார்த்தார். "ஒயர பாடியில வச்சா முள்ளு மேல போவணும்ண்ணே, இது கீழ வியுது, மீட்டரு செத்துப் போச்சி. அம்பாசடர் மீட்டரு ஒண்ணு கெடக்குது, அத மாட்டி டேங்குக்குப் புதுசா ஒரு எர்த்தும் குடுத்துடறேன், அர மணி நேரம்." அட அல்லாவே... அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, தினமும் வருவது புது அம்பாசடர், அதில் அப்படித்தான், ஒயரை பாடியில் வைத்தால் முள் ஏறும். பழைய மீட்டர் அப்படி இல்லை. போன நோன்பில் ஒரு வக்கீல் வண்டி மீட்டரை இவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் என்னிடம் தள்ளினாரே, உள்ளே இரண்டு சுருள், தலைமுடிக் கம்பி, இரண்டும் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், நான் சுற்றி முடித்து பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், ஒயரை பாடியில் தொட்டால் முள் இறங்கியது, எடுத்தால் ஃபுல்லுக்குப் போனது, எல்லாமே தலைகீழ். அப்படியானால் இந்த மீட்டர் நன்றாக இருக்கிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது, டேங்கு பக்கம்தான் எர்த் இல்லை, ஏன் இல்லை? பெயிண்ட்! டேங்கைக் கழற்றி அதற்கும் பெயிண்ட் அடித்து, புது ரப்பர் வைத்து மூடியிருப்பார்கள், தகடு பாடியைத் தொடவே வழியில்லை... அவர் கொடுக்கப்போகும் அந்த ஒரு எர்த் போதும். ஆனால் மீட்டரையும் மாற்றினால்? புது மீட்டர், டேங்குக்குள் அளவு சொல்லும் மிதவை பழையது... டேங்க் காய்ந்தாலும் முள் ஃபுல் என்று காட்டும். அந்தப் பெண் நிம்மதியாக உட்கார்ந்து மலை ஏறுவாள், பாதி வளைவில் வண்டி நிற்கும், மேலேயும் பங்க் இல்லை, கீழேயும் பங்க் இல்லை.

எங்கள் வழக்கப்படி கத்தரிக்கோலால் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். கடையில் ஆள் இருக்கும்போது நான் வெளியே போவதில்லை, தட்டினால் அவர் உள்ளே வருவார், நான் சொல்வேன், அவர் போய்த் தனக்கே தோன்றியது போலச் செய்வார், பதினாறு வருஷமாக ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு "இரு, வரேன்" என்றார், வரவில்லை. மறுபடி தட்டினேன். ஸ்க்ரூ கழலும் சத்தம்தான் கேட்டது. போகலாமா? நாலு பேர் முன்னால் புருஷனைத் தப்பு என்று சொன்னால் எப்படி இருக்கும், அவர் முகம் எப்படிப் போகும்... சொல்லாவிட்டால் அந்தப் பெண்? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன், திரையை விலக்கினேன், வெளியே வெயிலில் கண் கூசியது.

"இந்தாங்க, அத மாத்தாதீங்க." "இன்னா?" "அது பழைய மீட்டரு, அதுக்கு எல்லாம் தலகீழு. ஒயர பாடியில வச்சா எறங்கும், எடுத்தா ஏறும். அம்பாசடர் மீட்டர மாட்னீங்கன்னா டேங்கு காஞ்சாலும் ஃபுல்லுன்னுதான் காட்டும், பாதி மலையில நிப்பாங்க." கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஒனக்கு எப்டித் தெரியும்?" என்று இவர் கேட்டார், கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "வக்கீல் வண்டி மீட்டர சுத்துனது யாரு?" அவ்வளவுதான், இவர் டாஷ்போர்டை விட்டு விலகி நின்றார். நானே டிக்கியில் குனிந்தேன், விரிப்பைத் தூக்கி, டேங்கின் தலையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, பிளேடால் பெயிண்டைச் சுரண்டினேன், பளபளவென்று தகடு தெரிந்தது, தன் புதுப் பெயிண்டைச் சுரண்டுகிறாளே என்று கொளஞ்சியப்பன் உச்சுக்கொட்டினார், கொட்டட்டும். ஒரு துண்டு ஒயர் எடுத்து, ஒரு முனை இங்கே, ஒரு முனை பாடியில், முடுக்கினேன். "சாவியப் போடும்மா, முள்ளப் பாத்துச் சொல்லு." முன்சீட்டிலிருந்து செவ்வந்தி கத்தினாள், "எறங்குதுக்கா... எறங்கிக்கினே இருக்குது... அய்யோ, கால் டேங்கு கூட இல்லக்கா!"

கொளஞ்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் உள்ளே போய், வண்டிச் சாமான் கழுவ வைத்திருந்த பெட்ரோல் டின்னைத் தூக்கி வந்து, துணி போட்டு வடிகட்டி ஊற்றினார், கொஞ்ச நேரத்தில் முள் மெதுவாக ஏறி அரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. என் முள்! ஊற்றி முடித்துவிட்டுத்தான் சொன்னார், "இது சொல்லலன்னா நான் மாத்தியிருப்பேன்ண்ணே. நிச்சயமா மாத்தியிருப்பேன்." வெளி ஆள் முன்னால், சத்தமாக. நிக்காஹ் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் எனக்கு வாங்கிக் கொடுத்தது எத்தனையோ உண்டு, இந்த ஒரு பேச்சுக்கு எதுவும் ஈடாகாது, எனக்குக் கழுத்து தானாக நிமிர்ந்தது.

கிளம்பும்போது செவ்வந்தி கண்ணாடியை இறக்கினாள். "அக்கா, ஒங்க பேரு இன்னாக்கா? சேந்ததும் லெட்டர் போடறேன்." "சாதுல்லா பாய் வூட்டுலன்னு போடும்மா, வந்துடும்." அவள் தலையாட்டினாள், வண்டி கச்சிராயப்பாளையம் ரோட்டில் திரும்பியது, கடிகாரம் பதினொன்றரை, சாவகாசமாகப் போய்விடுவாள், ஐந்து மணிக்குள் என்ன, மூன்று மணிக்கே கையெழுத்துப் போட்டுவிடுவாள், அந்தக் கையெழுத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு... உள்ளே வந்து ஆர்மேச்சரை மடியில் எடுத்தேன், முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அந்தப் பெண் என்ன கேட்டாள்? பேர்தானே கேட்டாள்? ஜீனத்துன்னிசா, சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இவர்கூட நான் சொல்வேன் என்றுதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது நினைத்தால் தெரிகிறது. அவர் தடுக்கவில்லை, கொளஞ்சியப்பன் தடுக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. முந்திக்கொண்டு அவர் பேரைச் சொன்னது நான்தான்.